உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகும் ஐம்பது நாள்: பாஸ்கா கால நற்செய்திகளைத் தியானிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

தவக்காலத்தை எப்படிக் கடைப்பிடிப்பது என்று கத்தோலிக்க வீடுகளில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாம்பல் புதன், வெள்ளிதோறும் சிலுவைப்பாதை, இறைச்சி இல்லாத சமையல், ஒப்புரவு அருளடையாளம், பெரிய வெள்ளியன்று கோவில் கொள்ளாத கூட்டம். பாஸ்கா திருவிழிப்பு இரவில் கையில் மெழுகுதிரியோடு நின்று அல்லேலூயா பாடுகிறோம், மறுநாள் பிரியாணி சாப்பிடுகிறோம், அதோடு எல்லாம் ஓய்ந்துவிடுகிறது. அடுத்த ஞாயிறு பீடத்தருகே பாஸ்கா திரி எரிந்துகொண்டிருக்கும், பாதி இருக்கைகள் காலியாக இருக்கும்.

திருச்சபையின் கணக்கில் உயிர்ப்பு ஞாயிறுதான் தொடக்கம். அன்றிலிருந்து தூய ஆவியார் பெருவிழா (பெந்தக்கோஸ்து) வரை 50 நாள் பாஸ்கா காலம், தவக்காலத்தைவிட நீண்டது. இந்த நாள்களில் நற்செய்தியைத் திறந்துவைத்து அமர வேண்டும் என்று விரும்பி, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இறையியல் படித்திருக்க வேண்டியதில்லை. கத்தோலிக்கத் திருவழிபாட்டு அட்டவணையைப் பின்பற்றியே எழுதுகிறேன், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) முதலிய சபைகளின் வாசக அட்டவணை வேறாக இருக்கலாம், ஆனால் வாசிக்கும் முறை அவர்களுக்கும் பொருந்தும்.

தொடங்குமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாஸ்கா காலம் என்றால் மகிழ்ச்சி பொங்க வேண்டும் என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள். இந்த வாசகங்களில் வருகிறவர்கள் யாரும் உடனே மகிழவில்லை. பயப்படுகிறார்கள், அழுகிறார்கள், நம்ப மறுக்கிறார்கள், எதிரே நிற்பவரை அடையாளம் காணாமல் திணறுகிறார்கள். உயிர்ப்பு ஞாயிறு பகல் திருப்பலியின் நற்செய்தியே (யோவான் 20:1-9), அவர் உயிர்த்தெழ வேண்டும் என்னும் மறைநூல் வாக்கைச் சீடர்கள் அதுவரை புரிந்துகொள்ளவில்லை என்ற வரியோடுதான் முடிகிறது. ஆண்டின் மிகப் பெரிய திருநாளன்று திருச்சபை நமக்கு வாசித்துக்காட்டுவது புரியாமல் நின்றவர்களின் கதை. அவர்களுடைய மெதுவான நடைக்கு ஈடுகொடுத்து வாசிப்பதுதான் இந்தக் கட்டுரை சொல்லும் முறை.

முதல் வேலை: நாள்காட்டி

பங்கு அலுவலகத்திலோ கத்தோலிக்கப் புத்தகக் கடையிலோ கிடைக்கும் திருவழிபாட்டு நாள்காட்டி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் உரிய வாசகங்களின் அதிகாரமும் வசன எண்ணும் அதில் இருக்கும். கையில் திருவிவிலியம் இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை.

ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருகின்றன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962-65இல் உலக ஆயர்கள் கூடிய பொதுச் சங்கம்) பிறகு, 1969இல் வந்த ஏற்பாடு இது. எந்த ஆண்டில் இருக்கிறோம் என்று கண்டுபிடிக்க ஓர் எளிய கணக்கு: ஆண்டு எண்ணை மூன்றால் வகுங்கள். மீதி இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டு, ஒன்று மீந்தால் முதல் ஆண்டு, இரண்டு மீந்தால் இரண்டாம் ஆண்டு. 2025 மூன்றாம் ஆண்டு, 2026 முதல் ஆண்டு, 2027 இரண்டாம் ஆண்டு. (புதிய திருவழிபாட்டு ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்திய திருவருகைக் காலத்திலேயே தொடங்கிவிடும் என்றாலும் பாஸ்கா காலத்துக்கு இந்தக் கணக்கு சரியாக வரும்.) வார நாள் நற்செய்திகளுக்கு இந்தச் சுழற்சி கிடையாது, பாஸ்கா காலத்தில் ஆண்டுதோறும் அவையே வரும்.

2026இல் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5, தூய ஆவியார் பெருவிழா மே 24. 2027இல் மார்ச் 28, மே 16.

ஐம்பது நாளில் என்னென்ன வருகிறது

முழுப் பாதையையும் ஒருமுறை பார்த்துவைத்துக்கொண்டால் நடுவில் வழி தவறாது.

முதல் எட்டு நாள்களை ஒரே பெருவிழாவாகக் கொண்டாடுகிறோம். திங்கள் முதல் சனி வரை நான்கு நற்செய்திகளிலிருந்தும் உயிர்த்த இயேசு தோன்றிய காட்சிகள் வரும்: கல்லறையிலிருந்து ஓடும் பெண்கள், மகதலா மரியா, எம்மாவு வழி, எருசலேமில் மீன் துண்டைச் சாப்பிட்டுக் காட்டிய மாலை, திபேரியக் கடற்கரை, சனியன்று மாற்குவின் சுருக்கம். புதியவர்களுக்கு ஆண்டிலேயே மிகச் சிறந்த வாரம் இதுதான். எல்லாமே கதை, எல்லாமே சிறியவை. வேறு எந்த வாரத்தை விட்டாலும் இதை விட வேண்டாம்.

இரண்டாம் ஞாயிறு மூன்று ஆண்டிலும் தோமாவின் ஞாயிறுதான் (யோவான் 20:19-31). 2000ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அதை இறை இரக்க ஞாயிறு என்று அறிவித்தார். மூன்றாம் ஞாயிறு முதல் ஆண்டில் எம்மாவு, இரண்டாம் ஆண்டில் அதைத் தொடரும் எருசலேம் காட்சி, மூன்றாம் ஆண்டில் கடற்கரை. நான்காம் ஞாயிறு நல்லாயன் ஞாயிறு. யோவான் 10ஆம் அதிகாரத்தை மூன்றாகப் பிரித்து மூன்று ஆண்டுக்கும் வைத்திருக்கிறார்கள்.

அதன்பின் காட்சி மாறுகிறது. ஐந்தாம் ஞாயிறிலிருந்து இறுதி இராவுணவில் இயேசு பேசிய நீண்ட உரைக்குள் போகிறோம். வார நாள்களிலும் யோவான்தான்: இரண்டாம் வாரம் நிக்கதேம், அப்பங்களைப் பலுகச் செய்தது, மூன்றாம் வாரம் வாழ்வு தரும் உணவு பற்றிய வாதம், நான்காம் வாரத்தின் பிற்பகுதியிலிருந்து ஏழாம் வாரம் வரை 13 முதல் 17 வரையுள்ள அதிகாரங்கள். பலர் ஆர்வத்தோடு தொடங்கி இங்கேதான் கைவிடுகிறார்கள். அதற்குக் கீழே தனியாக வழி சொல்லியிருக்கிறேன்.

நேரம், இடம், நோட்டு

ஏப்ரல், மே என்றால் வெயில், பள்ளி விடுமுறை, வீடு நிறைய விருந்தாளிகள். ஆகவே விடியற்காலை இருபது நிமிடம்தான் நடைமுறைக்கு ஒத்துவரும். அது முடியாதவர்கள் முந்தின இரவே மறுநாள் வாசகத்தை ஒருமுறை வாசித்துவிட்டுப் படுக்கலாம். பேருந்தில் போகும்போது கைப்பேசியில் வாசிப்பதைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் தியானத்துக்கு அச்சடித்த விவிலியமே நல்லது. முந்தின வசனமும் பிந்தின வசனமும் கண்ணில் படும். அட்டவணை எங்கே வெட்டியிருக்கிறது என்பதும் தெரியும்.

இது சில சமயம் முக்கியமாகிவிடுகிறது. இரண்டாம் ஆண்டுப் பாஸ்கா திருவிழிப்பில் மாற்கு 16:1-7 வாசிப்பார்கள். எட்டாம் வசனம் கோவிலில் வராது. அதில்தான் அந்தப் பெண்கள் நடுங்கிக் கல்லறையை விட்டு ஓடியதும், அச்சத்தால் யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருந்ததும் இருக்கிறது. வீட்டில் அதையும் சேர்த்து வாசியுங்கள்.

நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு இரண்டு மூன்று வரி போதும். பக்கம் பக்கமாக எழுதத் தொடங்கினால் அது மறையுரைத் தயாரிப்பாக மாறிவிடும்.

மூன்று முறை வாசியுங்கள்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கார்த்தூசியத் துறவி இரண்டாம் குயிகோ, இறைவார்த்தையை அணுகுவதை வாசிப்பு, தியானம், மன்றாட்டு, மௌனத்தில் இறைவனோடு இருத்தல் என்று நான்கு படிகளாக வகுத்தார். இன்று பங்குகளில் சொல்லித்தரும் பெரும்பாலான முறைகள் அதிலிருந்து வந்தவையே. தொடக்கத்தில் நான்கு படியையும் நினைவில் வைத்துக்கொண்டு தடுமாற வேண்டாம். மூன்று முறை வாசிப்பது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை வாய்விட்டு, மெதுவாக. யார் வருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், என்ன நேரம் என்பதை மட்டும் கவனியுங்கள். பாஸ்கா கால நற்செய்திகளில் நேரம் பெரும்பாலும் சொல்லப்பட்டிருக்கும்: இன்னும் இருள் நீங்கவில்லை, பொழுது போயிற்று, விடியற்காலை.

இரண்டாம் முறை ஒரே ஒரு கேள்வியோடு: இதில் யாருக்கு என்ன புரியவில்லை? இந்தக் காலத்துக்கென்று நான் பரிந்துரைக்கும் கேள்வி இது. எந்த வாசகத்திலும் விடை கிடைக்கும். மகதலா மரியா அவரைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறார். எம்மாவு சீடர்கள் வழிப்போக்கர் என்று நினைக்கிறார்கள். லூக்கா 24இல் கூடியிருந்தவர்கள் ஆவியைக் காண்பதாக நினைத்துத் திகிலடைகிறார்கள். விண்ணேற்றப் பெருவிழாவில் முதல் ஆண்டுக்குரிய மத்தேயு 28:16-20, சீடர்கள் மலைமீது அவரைப் பணிந்ததைச் சொன்ன கையோடு சிலர் ஐயுற்றதையும் சொல்லிவிடுகிறது. கடைசிக் காட்சியில்கூட ஐயத்தை மறைக்காமல் விட்டுவைத்திருக்கிறார் நற்செய்தியாளர்.

மூன்றாம் முறை வாசிக்கும்போது உங்களை எந்த இடத்தில் நிறுத்துகிறதோ அங்கே நின்றுவிடுங்கள். முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த வரியைப் பற்றி ஆண்டவரிடம் பேசுங்கள். பேச ஒன்றும் வராவிட்டால் சும்மா இருங்கள்.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு பயிற்சி

எட்டு நாள் விழாவின் செவ்வாய்க்கிழமை வரும் யோவான் 20:11-18ஐ எடுத்துக்கொள்வோம். பேதுருவும் மற்றச் சீடரும் வந்து பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். மரியா போகவில்லை. வெளியே நின்று அழுதுகொண்டிருக்கிறார்.

குனிந்து உள்ளே பார்க்கிறார். உடல் கிடந்த இடத்தில் தலைமாட்டில் ஒருவரும் கால்மாட்டில் ஒருவருமாக இரண்டு வானதூதர்கள். வேறு யாராக இருந்தாலும் அலறியிருப்பார்கள். மரியாவோ வானதூதர்களைப் பொருட்படுத்தவே இல்லை. ஆண்டவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், எங்கே வைத்தார்களோ தெரியவில்லை என்று அவர்களிடம் முறையிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார். துக்கத்தில் இருப்பவர்களுக்கு எதிரே யார் நின்றாலும் கண்ணில் படாது. சாவு வீட்டில் இருந்தவர்களுக்கு இது தெரியும்.

திரும்பியவர் இயேசுவையே பார்க்கிறார், தெரியவில்லை. “ஏன் அம்மா அழுகிறாய்? யாரைத் தேடுகிறாய்?” என்று அவர் கேட்கிறார். தோட்டக்காரர் என்று எண்ணி, நீர் அவரைத் தூக்கிச் சென்றிருந்தால் எங்கே வைத்தீர் என்று சொல்லும், நான் எடுத்துச் செல்வேன் என்கிறார் மரியா. ஒற்றைப் பெண் ஓர் ஆணின் உடலை எப்படித் தூக்கிச் செல்வார் என்று கணக்குப் பார்க்கும் நிலையில் அவர் இல்லை. பிறகு இயேசு அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். மரியா திரும்பிப் பார்த்து “ரபூனி” (போதகரே) என்கிறார். பதினான்காம் வசனத்திலேயே அவர் இயேசுவின் பக்கம் திரும்பிவிட்டார். பதினாறாம் வசனத்தில் மறுபடி திரும்புகிறார். கண்ணெதிரே நிற்பவரை நோக்கி இன்னொரு முறை திரும்ப வேண்டியிருந்தது. இந்தச் சின்ன விவரத்தில் நான் ஆண்டுதோறும் நின்றுவிடுகிறேன்.

இந்த ஆண்டில் வீட்டில் யாரையாவது இழந்தவர்கள் பாஸ்கா காலம் முழுவதும் இந்த எட்டு வசனத்தோடு மட்டுமே இருந்தாலும் போதும். உயிர்ப்பை நம்புகிறவர் அழலாமா என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் உண்டு. இயேசு மரியாவிடம் அப்படிக் கேட்கவில்லை. ஏன் அழுகிறாய் என்றுதான் கேட்டார், அவருடைய பதிலுக்கும் காத்திருந்தார்.

கடற்கரையும் கரி நெருப்பும்

காட்சியைக் கற்பனையில் கண்டு அதற்குள் நுழையும் முறையை இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் பதினாறாம் நூற்றாண்டில் சொல்லிக்கொடுத்தார். அவர் வகுத்த ஆன்மிகப் பயிற்சிகளின் நான்காம் வாரம் உயிர்ப்பைத் தியானிப்பதற்கானது. அதன் முதல் தியானமே, உயிர்த்த இயேசு தம் தாயைச் சந்திக்கும் காட்சி. நற்செய்திகளில் அப்படி ஒரு நிகழ்வு எழுதப்படவில்லை. ஆகவே கற்பனை செய்வது தவறோ என்று தயங்க வேண்டாம்; வாசகம் சொன்னதையும் நீங்கள் சேர்த்ததையும் குழப்பிக்கொள்ளாதிருந்தால் போதும்.

இதற்கு யோவான் 21 மிகவும் ஏற்றது. இரவு முழுவதும் வலை வீசியும் ஒன்றும் இல்லை. விடியும்போது கரையில் ஒருவர் நின்று “பிள்ளைகளே! மீன் ஒன்றும் படவில்லையா?” என்று கேட்கிறார். எங்கள் அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) இதை வாசித்தபோது, கடலுக்குப் போய்வந்த பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டார். வெறும் படகோடு திரும்பும்போது கரையில் நிற்பவன் இப்படிக் கேட்டால் வாயில் நல்ல வார்த்தை வராது என்றார். சீடர்கள் ‘இல்லை’ என்று மட்டும் சொன்னதே பெரிய பொறுமை என்பது அவர் விளக்கம். மீனை எண்ணி 153 என்று ஏன் எழுத வேண்டும் என்று இன்னொருவர் கேட்டதற்கு, பங்கு பிரிக்க எண்ணித்தானே ஆகவேண்டும் என்றார். அந்த எண்ணுக்குப் பழங்காலத்திலிருந்தே எத்தனையோ மறைபொருள் சொல்லிவந்திருக்கிறார்கள். புதியவர்கள் அதற்குள் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. பெரியவர் சொன்னதே எனக்குப் பிடித்திருக்கிறது.

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்பிடித் தடைக்காலம் பாஸ்கா காலத்தின் பெரும்பகுதியோடு ஒன்றிப்போகிறது. தூத்துக்குடி, இராமநாதபுரம் கடலோரப் பங்குகளில் பேதுரு ‘மீன்பிடிக்கப் போகிறேன்’ என்று கிளம்பும் இந்த நற்செய்தி, பல ஆண்டுகளில் படகுகள் கரையேறி வலை பழுதுபார்க்கும் நாள்களில்தான் வாசிக்கப்படுகிறது. அங்கே இருப்பவர்களுக்குத் தியானப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை.

பேதுரு ஆடையைக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறார். கரையில் கரி நெருப்பு, அதன்மேல் மீன், அருகில் அப்பம். இங்கே நிறுத்தி, விவிலியத்தைப் பின்னோக்கிப் புரட்டி யோவான் 18:18ஐப் பாருங்கள். தலைமைக் குரு வீட்டு முற்றத்தில் குளிருக்காகக் கரி நெருப்பு மூட்டியிருந்தார்கள். அதனருகே நின்று குளிர்காய்ந்துகொண்டுதான் பேதுரு தமக்கு இயேசுவைத் தெரியாது என்றார். இப்போது அதே போன்ற நெருப்பின் முன் உட்காரவைத்து, முதலில் சாப்பாடு போட்டுவிட்டு, அதன்பின் “என்மீது அன்பு செலுத்துகிறாயா?” என்று மூன்று முறை கேட்கிறார். மறுதலித்ததைப் பற்றி ஒரு சொல்கூட எடுக்கவில்லை. இதைத் தியானிக்கும்போது பேதுருவின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். புகையின் வாடை வந்ததும் அவருக்கு என்ன நினைவு வந்திருக்கும் என்று யோசியுங்கள்.

பூட்டிய கதவு

தோமாவின் ஞாயிறன்று பெரும்பாலும் தோமாவைக் குறை சொல்லியே மறையுரை கேட்டிருப்போம். வாசகத்தைக் கவனமாகப் படித்தால் வேறொன்று தெரியும். முதல் ஞாயிறு மாலை கதவுகள் மூடியிருந்தன, பயத்தால். இயேசு வந்தார், அமைதி உரைத்தார், ஆவியைத் தந்தார். எட்டு நாள் கழித்து மறுபடி வந்தபோதும் கதவுகள் மூடியே இருந்தன. ‘ஆண்டவரைக் கண்டோம்’ என்று தோமாவிடம் சொன்னவர்கள் அதே அறைக்குள்தான் இருந்தார்கள். அவர்கள் சொன்னதை தோமா நம்பாததில் வியப்பில்லை என்று எனக்குத் தோன்றும். இலாசரின் சாவுக்குப் போகும்போது, நாமும் போய் அவரோடு இறப்போம் என்று சொன்னவரும் இதே தோமாதான் (யோவான் 11:16). கோழை அல்லர்.

தமிழ்நாட்டுக் கிறித்தவர்களுக்கு இவர் தூரத்து மனிதர் அல்லர். சென்னையில் சாந்தோம், சின்னமலை, பரங்கிமலை மூன்றும் அவர் பெயரோடு பிணைந்த மரபுகள். திருப்பலியில் நற்கருணை உயர்த்தப்படும்போது, பெரியவர்கள் பலர் அவருடைய அறிக்கையைத்தான் மெல்லச் சொல்லிக்கொள்கிறார்கள்: என் ஆண்டவரே, என் கடவுளே.

இந்த வாசகத்தில் சீடர்கள் ‘யூதர்களுக்கு அஞ்சி’ கதவை மூடியிருந்ததாக வருகிறது. உள்ளே இருந்தவர்களும் யூதர்கள்தான், வந்து நின்றவரும் யூதர்தான். யோவான் இங்கே குறிப்பது அன்றைய எருசலேம் அதிகாரத்தில் இருந்தவர்களை. இயேசுவின் சாவுக்கு யூத மக்கள் எல்லாரையும் பொறுப்பாக்கக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவாக அறிவித்திருக்கிறது. குழுவில் வாசிக்கும்போது இதைச் சொல்லிவிடுவது நல்லது.

எம்மாவை நடந்துகொண்டே வாசியுங்கள்

லூக்கா 24:13-35 நடையில் நிகழும் கதை. எருசலேமிலிருந்து எம்மாவுக்குச் சுமார் 11 கிலோமீட்டர். காலையில் வாசித்துவிட்டு, மாலை வெயில் தாழ்ந்ததும் நம்பிக்கையான ஒருவரோடு சிறிது தூரம் நடந்துகொண்டே இதைப் பேசுங்கள். கிளயோப்பா அந்த வழிப்போக்கரிடம் சொல்வதில் தகவல் பிழை ஒன்றுமே இல்லை. சிலுவைச் சாவு, மூன்றாம் நாள், வெறுமையான கல்லறை, வானதூதர் சொன்ன செய்தி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்கிறார். ஆனால் நடுவே எதிர்பார்த்திருந்தோம் என்று இறந்தகாலத்தில் சொல்லிவிடுகிறார், ஊரை விட்டு நடக்கிறார். செய்தி முழுவதும் தெரிந்தும் நம்பிக்கை இல்லாமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். உங்கள் வாழ்வில் ‘எதிர்பார்த்திருந்தேன்’ என்று முடிந்துபோனது எது? நடக்கும்போது அதைப் பேசுங்கள்.

நீண்ட உரை வரும்போது

ஐந்தாம் வாரத்தில் ஒரு குழப்பம் வரும். இயேசு உயிர்த்துவிட்டார், பிறகு ஏன் சாவுக்கு முந்தின இரவுப் பேச்சுக்குத் திரும்பிப் போகிறோம்? அந்த இரவில் அவர் பேசியது, தாம் போனபின் அவர்கள் எப்படி வாழ்வது என்பதைப் பற்றி. கேட்டவர்களுக்கு அப்போது புரியவில்லை. உயிர்ப்புக்குப் பிறகு, விண்ணேற்றமும் ஆவியாரின் வருகையும் நெருங்கும் வேளையில், அதே பேச்சை மறுபடி கேட்கவைக்கிறது திருச்சபை.

ஆனாலும் கதையும் காட்சியும் இல்லாமல் வாரக்கணக்கில் உரையை மட்டும் வாசிப்பது புதியவர்களுக்குக் கடினம்தான். இரண்டு வழிகள் உதவும்.

ஒன்று, குறுக்கே பேசுகிறவர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீர் எங்கே போகிறீர் என்றே தெரியாதபோது வழி எப்படித் தெரியும் என்று தோமா கேட்கிறார் (14:5). தந்தையைக் காட்டும், அது போதும் என்கிறார் பிலிப்பு (14:8). உலகுக்கு வெளிப்படுத்தாமல் எங்களுக்கு மட்டும் ஏன் என்கிறார் இஸ்காரியோத்து அல்லாத இன்னொரு யூதா (14:22). 16ஆம் அதிகாரத்தில், இவர் என்ன சொல்கிறார், நமக்கு விளங்கவில்லையே என்று சீடர்கள் தங்களுக்குள் முணுமுணுக்கிறார்கள். உங்களுக்கும் விளங்காத நாளில் அவர்கள் பக்கம் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

இரண்டு, ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம் மட்டும். “என் அன்பில் நிலைத்திருங்கள்” என்பதை எடுத்தால் அன்று அது மட்டும்தான். சமையல்கட்டிலும் அலுவலகத்திலும் அதையே சொல்லிக்கொண்டிருங்கள். மீதி வசனங்கள் அடுத்த ஆண்டும் வரும்.

முதல் வாசகம்

பாஸ்கா காலத் திருப்பலிகளில் முதல் வாசகமாகப் பழைய ஏற்பாட்டுக்குப் பதில் திருத்தூதர் பணிகள் வரும். நேரம் இருந்தால் அதையும் சேர்த்து வாசியுங்கள், ஒரே ஒரு காரணத்துக்காக: நற்செய்தியில் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த அதே பேதுரு, இங்கே யூதத் தலைமைச் சங்கத்தின் முன் நிமிர்ந்து நின்று பேசுகிறார். இரண்டையும் ஒரே காலையில் வாசிக்கும்போது, இடையில் என்ன நடந்தது என்ற கேள்வி தானாக எழும். நேரம் இல்லாதவர்கள் குற்ற உணர்வு இல்லாமல் விட்டுவிடலாம்.

அன்பியத்தில் சேர்ந்து வாசிப்பதானால்

ஏழெட்டுப் பேர் போதும், ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஒருவர் உரக்க வாசிக்கட்டும், சிறிது மௌனம், ஒவ்வொருவரும் தம்மைத் தொட்ட வரியை மட்டும் முதலில் சொல்லட்டும், விளக்கம் பிறகு. எல்லாக் குழுவிலும் மறையுரை ஆற்ற ஒருவர் இருப்பார். மரியாதையாக அவரைக் கடைசியில் பேசச் சொல்லுங்கள். பேச விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள். பெரும்பாலும் அவர்தான் அடுத்த வாரம் நல்ல கேள்வி கேட்பார். சிற்றுண்டி எளிமையாக இருக்கட்டும். வடை, கேசரி என்று போட்டி வந்துவிட்டால் அடுத்த வீட்டார் கூட்டம் வைக்கவே தயங்குவார்கள்.

நடுவில் நின்றுபோனால்

நின்றுபோகும். திருமணங்கள், ஊர்த் திருவிழா, பிள்ளைகளின் தேர்வு முடிவு என்று மே மாதம் யாரையும் விடாது. விட்டுப்போன நாள்களைச் சேர்த்து வாசித்து ஈடுகட்ட முயலாதீர்கள். அப்படி முயல்கிறவர்கள் மூன்று நாளில் களைத்துப்போய் நாள்காட்டியையே மூடிவைத்துவிடுகிறார்கள். இன்றைக்கு என்ன தேதியோ அன்றைய வாசகத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். வார நாள்கள் முடியவே முடியாது என்றால் ஞாயிறு நற்செய்தியை மட்டும் எடுத்து, அதையே வாரம் முழுவதும் வைத்துக்கொள்ளலாம்.

விண்ணேற்றம் முதல் தூய ஆவியார் பெருவிழா வரை

விண்ணேற்றப் பெருவிழா உயிர்ப்பின் நாற்பதாம் நாளான வியாழனுக்குரியது. நம் நாட்டில் அதை அடுத்த ஞாயிறுக்கு மாற்றிக் கொண்டாடுகிறோம். அதனால் ஏழாம் ஞாயிறுக்குரிய யோவான் 17, இயேசு தம் சீடருக்காகச் செய்த மன்றாட்டு, நம் ஞாயிறுத் திருப்பலியில் வராமல் போய்விடுகிறது. அந்த வாரம் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அது முழுவதுமாக வரும். இதைச் சிந்தித்து ஆராய்வதைவிட, ஒருவர் உங்களுக்காக வேண்டுவதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்பதாக நினைத்து வாசிப்பது நன்றாக இருக்கும்.

பெருவிழாவுக்கு முந்தின வெள்ளியும் சனியும் மறுபடி திபேரியக் கடற்கரை. சனிக்கிழமை வாசகத்தில் (யோவான் 21:20-25) பேதுரு திரும்பிப் பார்த்து, பின்னால் வரும் சீடரைக் காட்டி, இவருக்கு என்ன ஆகும் என்று கேட்கிறார். அதைப் பற்றி உனக்கென்ன, நீ என்னைப் பின்தொடர் என்று பதில் வருகிறது. மன்னிப்புப் பெற்ற சிறிது நேரத்திலேயே அடுத்தவரோடு ஒப்பிடத் தொடங்கிவிட்டார் பேதுரு. அந்த இரண்டு நாளில், நோட்டில் எழுதியவற்றை முதலிலிருந்து ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எந்தப் பெயர், எந்த வரி அடிக்கடி வந்திருக்கிறதோ அதை அடிக்கோடிடுங்கள்.

ஞாயிறன்று நற்செய்தி மறுபடி யோவான் 20:19-23, பூட்டிய அறை. இரண்டாம் ஞாயிறு கேட்ட அதே வசனங்கள். அன்று எழுதிய வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். மறுநாள் முதல் பொதுக்காலம் தொடரும். பெரும்பாலான ஆண்டுகளில் வார நாள்களில் மாற்கு நற்செய்தி தொடரும். யோவானின் நீண்ட உரைகளுக்குப் பிறகு அந்த வேகமான நடைக்குப் பழக ஓரிரு நாள் ஆகும்.